கேட்பவர் வாசித்திருக்க வேண்டாமா?



ஆண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னை மடக்கிவிட்டாள். அவளது நீலாம் வாசிப்புப் பதிவேட்டில் பத்து நூல்களுக்கும் ஏறக்குறைய ஒரே சுருக்கம். கண்டித்தேன். “டீச்சர், நீங்க இப்போ என்ன புத்தகம் படிக்கிறீங்க?” என்று பணிவாகத்தான் கேட்டாள். பாட நூலையும் பயிற்சி நூலையும் தவிர வேறெதையும் நான் தொட்டுப் பல மாதங்களாகியிருந்தன. அன்று மாலையே வீட்டு அலமாரியைத் தூசு தட்டினேன். அதன்பின் வாசித்தவற்றுள் ஐந்தை இங்கே குறிப்பிடுகிறேன்.

கு. அழகிரிசாமி 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். ஆகவே, நமக்கும் ஓரளவு உரியவர். அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுதிக்கு 1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது அவர் மறைந்த பின்னரே கிடைத்தது. தலைப்புக் கதையில் ஒருவர் தமக்குப் பழக்கமான பிள்ளைகளுள் இருவருக்கு மட்டும் டைரி பரிசளிக்கிறார். சாரங்கனுக்கு இல்லை. அவன் அழவில்லை, சண்டையிடவில்லை. அவன் என்ன செய்தான் என்பதை நீங்களே வாசித்து அறிக. பரிசளிப்பு விழாவில் நாம் எத்தனை சாரங்கன்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கைதட்டச் சொல்கிறோம் என்ற எண்ணம் என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை.

அடுத்து, டெட்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானிய மொழியில் 1981இல் வெளிவந்த இந்நூல் தமிழிலும் கிடைக்கிறது. முதல் பள்ளி வேண்டாமென்று அனுப்பிவிட்ட சிறுமியின் பேச்சைப் புதிய பள்ளியின் தலைமையாசிரியர் கொபயாஷி நான்கு மணி நேரம் கேட்கிறார். நான் ஒரு மாணவனின் பேச்சை நான்கு நிமிடமாவது கேட்டதுண்டா? அப்பள்ளியின் வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோயின.

இதை முடித்த கையோடு, ஆசிரியராகப் பணியாற்றிய நம் நாட்டு எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ நாவலை எடுத்தேன். 1942-43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த சயாம் மரண ரயில் பாதையைப் பற்றியது. அங்கே, ரயில் பெட்டிகளில் அமர்ந்து குழந்தைகள் பாடம் படித்த அதே காலத்தில், இங்கே நம் தோட்டத்து மக்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். இவ்விரு நூல்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பேன். ஜப்பானியர் எல்லாரும் கொடியவர் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடவும் கூடாது; நடந்ததை மறைத்துவிடவும் கூடாது. என் வகுப்பில் சயாம் ரயிலைப் பற்றிக் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. நாவல் பிள்ளைகளுக்குக் கடினம். பெற்றோர் வாசித்துச் சொல்லலாம்.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ மிகத் தடித்த நூல். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்ட பகுதிகளையாவது வாசியுங்கள். ஆசிரியர் பயிற்சிக் காலத்திலேயே நான் வாசித்திருக்க வேண்டியவை அவை.

மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ பறவைகளையும் விலங்குகளையும் பற்றிய கட்டுரைகள். நமது செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகை வளர்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்நூலை அறிமுகப்படுத்த அதுவே போதும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆயினும், பெற்றோர் பலர் புத்தகக் கடையில் இன்னும் பயிற்சி நூல் அடுக்கின் முன்னால்தான் நிற்கிறார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

டோட்டோ-சானை அந்த மாணவிக்கு இரவல் கொடுத்திருந்தேன். மூன்று வாரங்களாகியும் திரும்பி வரவில்லை. கேட்டால், “அம்மா இன்னும் படிச்சு முடிக்கல, டீச்சர்” என்கிறாள்.