மலை பையன்களுக்கு மட்டும்தானா?

 

சுவர் இதழுக்கு என்ன எழுதலாம் என்று கேட்டபோது "நேரம் தவறாமை எழுது", "மழைநீர் சேகரிப்பு எழுது" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாம் நல்ல தலைப்புதான். ஆனால் என் மனசுல ரொம்ப நாளா ஒரு கேள்வி இருக்கு. அதையே எழுதிவிடுகிறேன்.

மழை பெய்து ஓய்ந்த காலையில் ஆரணியில் மொட்டை மாடி ஏறி மேற்கே பார்த்தால் நீலமாக ஒரு மலை தெரியும். அதுதான் ஜவ்வாது மலை. லீவு விட்டால் நம் பையன்கள் பைக் எடுத்துக்கிட்டு போளூர் வழியா அங்கே போயிட்டு வர்றாங்க. பீமன் அருவியில் குளிக்கிற மாதிரி, கோலப்பன் ஏரியில் படகில் நிற்கிற மாதிரி படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. நாங்க அதைப் பார்த்து "சூப்பர்" என்று போடுகிறோம். அதோடு சரி!

"நாங்களும் போகலாமா?" என்று வீட்டில் கேட்டால், "காலேஜ் போனப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். காலேஜ் படிக்கிற அக்கா கேட்டால், "கல்யாணம் ஆனதும் உன் வீட்டுக்காரரோட போ" என்கிறார்கள். கல்யாணம் ஆன அக்காவுக்குக் கைக்குழந்தை. அப்புறம் எப்பத்தான் போறது? சற்றே சிந்தித்துப் பாருங்கள்!

என் கருத்து இதுதான். நம் பள்ளிச் சுற்றுலா ஒரு வருடமாவது ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். மாணவர், மாணவியர் எல்லோரும் போக வேண்டும். கையில் கேமராவோடு போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அங்கே என்ன இருக்கு?

"சென்னைக்குப் போனா பீச், மால், ரங்க ராட்டினம் எல்லாம் இருக்கு. மலையில என்ன இருக்கு?" என்று சிலர் கேட்கலாம்.

முதலில், நம் ஆறு அங்கேதான் இருக்கு. கமண்டல நதியும் நாகநதியும் மலையிலிருந்து இறங்கி வந்து ஒன்று சேர்ந்துதான் நம் ஊர் கமண்டல நாகநதி ஆகிறது. அது செய்யாற்றில் கலந்து, செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. படவேட்டுக்கு மேலே செண்பகத்தோப்பு அணையில் நிற்கிற தண்ணீரும் மலைத் தண்ணீர்தான். நம் வீடுகளில் பட்டு நூலை அலசவும் சாயம் போடவும் தண்ணீர் இல்லாமல் முடியுமா? ஆரணிப் பட்டு என்று உலகமெல்லாம் பேர் வாங்குகிற சேலைக்குப் பின்னால் அந்த மலையும் இருக்கிறது. ஆனால் நமக்கு ஆறு என்றால் பாலத்துக்குக் கீழே தெரிகிற மணலும் முள்ளும்தான். அது பிறக்கிற இடத்தைப் பார்த்த பிள்ளை ஆற்றில் குப்பை கொட்ட யோசிக்கும் என்பது என் நம்பிக்கை.

இதே நாகநதி வறண்டு கிடந்தபோது வேலூர், திருவண்ணாமலை மாவட்டத்துப் பெண்கள் சேர்ந்து தடுப்பணை கட்டி, தண்ணீர் உறிஞ்சும் கிணறுகள் வெட்டி உயிர் கொடுத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலி உரையில் இதைப் பாராட்டினார். ஆற்றைக் காப்பாற்றப் பெண்கள் வேண்டும், அது வருகிற மலையைப் பார்க்க மட்டும் பெண்கள் வேண்டாமா?

இரண்டாவது, காவலூர். ஜவ்வாது மலையில் இருக்கிற அந்த வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 1988இல் அங்கே விஞ்ஞானி ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். சிறுகோளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா? வானத்தின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் அசையாமல் இருக்கும்போது ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். ஆக, நம் பக்கத்து மலையிலிருந்து எடுத்த சிறந்த படத்தில் யாரும் போஸ் கொடுக்கவில்லை!

மூன்றாவது, சாமை விளைகிற கொல்லைகள், தேன், புளி, பலா, மலைவாழ் மக்களின் ஊர்கள், பழங்காலத்துக் கல்திட்டைகள். தாவரவியல், வரலாறு, புவியியல் மூன்றும் ஒரே நாளில் கண்ணெதிரே. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பயம் நியாயம்தான்

பெற்றோரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதில் பெண்கள்தான் அதிகம். இதை எங்க வீட்டிலும் சொல்லித்தான் தடுக்கிறார்கள்.

ஆனால் அந்தத் துயரம் பெண்கள் மலைக்குப் போகக் கூடாது என்றா சொல்கிறது? காய்ந்த கோடையில் போகக் கூடாது, அனுமதி இல்லாத பாதையில் போகக் கூடாது, வழி தெரிந்தவர் இல்லாமல் போகக் கூடாது என்றுதான் சொல்கிறது. அரசும் மலையேற்றத்தையே ஒழித்துவிடவில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை மூலமாகத் தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளை, வழிகாட்டியோடும் முன்பதிவோடும் திறந்தது. காட்டுத் தீ காலத்தில் மூடிவிடுகிறது. இதுதான் சரியான வழி.

இன்னொன்றும் யோசியுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஒரே பைக்கில் மூணு பேர், ஹெல்மெட் இல்லாமல், கொண்டை ஊசி வளைவில் போகிறார்களே, அவர்களுக்கு ஆபத்து இல்லையா? அருவிப் பாறையில் பாசி பிடித்திருக்கும். அதன் மேல் நின்று செல்ஃபி எடுக்கிறவன் பையன் என்பதால் பாறை வழுக்காமல் இருக்குமா? ஆசிரியர்கள் கூட்டிப்போனால் பெண்களுக்கு வாய்ப்பு கிடைக்கும். பையன்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

"மலையெல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு ஒத்து வராது" என்கிறவர்களிடம் பர்வதமலையைப் பற்றிக் கேட்கிறேன். பௌர்ணமிக்கு அங்கே கடப்பாறைப் படியைப் பிடித்து, சங்கிலியைப் பிடித்து ஏறுகிறவர்களில் நம் பாட்டிமார்கள் எத்தனை பேர்! சாமி பேரைச் சொன்னால் ஏறலாம், படிப்பு பேரைச் சொன்னால் ஏறக் கூடாதா? 2014இல் மலாவத் பூர்ணா என்ற தெலங்கானா மாணவி 13 வயதில் எவரெஸ்ட்டில் ஏறினார். பெரிய பணக்கார வீட்டுப் பெண் அல்ல, அரசு உறைவிடப் பள்ளியில் படித்தவர். 2023இல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறி, தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண் ஆனார். நாங்கள் எவரெஸ்ட் கேட்கவில்லையே! ஜமுனாமரத்தூர்தானே கேட்கிறோம்?

கேமரா எதற்கு?

"படம் எடுக்கிறேன்னு சொல்லி முகத்தைத்தானே எடுப்பீங்க?" என்று ஒரு ஆசிரியர் சிரித்தார். சரியான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், படம் எடுப்பதும் பாடமாக இருக்கட்டும்.

மா. கிருஷ்ணன் (1912–1996) என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1950இல் தொடங்கிய ஒரு பத்திரிகைத் தொடரைச் சாகும்வரை, 46 வருடம் எழுதினார்! அவருடைய படங்களில் மிருகம்தான் கதாநாயகன். நம் படங்களில் அருவி எங்கேயோ பின்னால் நிற்கிறது.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதாகப் புரியும். சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாளில்தான் வரைவார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். ஜக்கார்டு அந்தத் துளையைப் பார்த்து இழையைத் தூக்கும். அப்படித்தான் முந்தியில் மயில் வருகிறது. செல்போன் படமும் சின்னச் சின்னக் கட்டங்கள்தான். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்குக் கழுத்து கோணும் என்று தெரிந்த நமக்குப் பொறுமையா இல்லை? மலையில் பார்த்த ஒரு பூவை, ஒரு இலையைப் படம் எடுத்து வந்து கட்டத் தாளில் வரைந்தால் அது புது புட்டா ஆகாதா? எங்கப்பா கிட்ட சொன்னேன். "முதல்ல வரைஞ்சு காட்டு" என்றார். வரையத்தான் பூவைப் பார்க்க வேண்டுமே!

போனால் இப்படிப் போவோம்

1. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதத்தில் போக வேண்டும். வனத்துறை அனுமதி, பெற்றோர் கையெழுத்து இரண்டும் வேண்டும்.

2. பத்துப் பேருக்கு ஒரு கேமரா அல்லது ஒரு செல்போன் போதும். எல்லோர் கையிலும் இருந்தால் யார் கண்ணும் மலையைப் பார்க்காது.

3. அருவியின் உச்சியிலும் பாசிப் பாறையிலும் யாரும் நிற்கக் கூடாது. மேலே மேகம் கறுத்தால் உடனே தண்ணீரை விட்டு ஏறிவிட வேண்டும். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக வரும்.

4. மலைவாழ் மக்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. நம் வீட்டுத் தறியில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது வெளியூர்க்காரர் சட்டென்று படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்கும் அப்படித்தான்.

5. நெருப்பு, பாட்டுப் பெட்டி, பிளாஸ்டிக் கூடாது. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

6. எடுத்த படங்களில் நல்ல பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, இடம், நாள், மரம் அல்லது பறவையின் பெயர் எழுதி இதே சுவரில் ஒட்ட வேண்டும். வரமுடியாத பிள்ளைகளும் பார்க்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

"மார்க் என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நாள்தான் கேட்கிறோம். உங்கள் வேலை கூடும் என்பது தெரியும். எங்களைத் தலை எண்ணித் தலை எண்ணியே உங்களுக்கு அருவியைப் பார்க்க நேரம் இருக்காது. இருந்தாலும் கேட்கிறோம். ஏனென்றால் எங்களில் பலருக்குப் பள்ளி கூட்டிப்போனால்தான் உண்டு. வீட்டில் தனியாக விடமாட்டார்கள். "பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போறாங்க" என்று சொன்னால் விடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நம் ஊரில் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதை எங்களுக்காக ஒரு நாள் செலவு செய்யுங்கள்.

பையன்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஸ்டேட்டஸில் உங்கள் முகத்துக்குப் பின்னால் இருக்கிற மரத்தின் பெயரையும் போடுங்கள் பார்க்கலாம்!

மலை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது அல்ல. ஆறு எல்லோர் வீட்டுக்கும் வருகிறது. அது வருகிற இடத்தைப் பார்க்கிற உரிமையும் எல்லோருக்கும் உண்டு.

சிந்திப்போம்! கேட்போம்! சேர்ந்தே போவோம்!

— பதினோராம் வகுப்பு மாணவி