பேராயருக்கு: அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய பேராயர் ஐயா அவர்களுக்கு,

எங்கள் வேதபாட அறை பூட்டப்பட்டதைச் சேகர குருவானவரிடம் நேரில் சொன்னோம். சேகரக் கமிட்டிக்கு மனு கொடுத்தோம். உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் சபையார் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். விதிகளை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஆலயத்தை ஒட்டிய அறையில் புதன்கிழமை இரவுதோறும் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு நடந்துவந்தது. நடத்தியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கொத்தனார், டீக்கடைக்காரர், பீடி சுற்றும் பெண்கள் என்று வேலை முடிந்து வருகிறவர்களே அதிகம். அங்கே பிரசங்கம் கிடையாது. ஒருவர் வாசிப்பார், புரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். பள்ளிக்கூடம் போகாத ஓர் அம்மா, காதால் கேட்டே மாற்கு சுவிசேஷத்தை வரிசையாகச் சொல்லும் அளவுக்கு வந்திருந்தார். வாசிப்பவர் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், பீடி இலை வெட்டிக் கறுத்த விரலை நீட்டி நிறுத்துவார்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம், ஆசிரியர் மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்தார். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவை. பண்டிகைதோறும் பீடத்திலிருந்து நாம் கேட்கிற பகுதி. அந்த அம்மா நிறுத்தினார். "சார், அதுக்கு முந்தி இருக்கதையும் வாசிங்க." வாசித்தார்கள். நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிற இடம் அது. அது நாற்பதாம் வசனம். விதவையின் காட்சி தொடங்குவது அடுத்த வசனத்திலேயே, நாற்பத்தோராம் வசனத்தில். லூக்காவில் இவ்விரண்டுக்கும் நடுவே அதிகாரம் மாறிவிடுகிறது. அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, சுவிசேஷகர் போட்டதல்ல என்று ஆசிரியர் விளக்கினார்.

அப்போது அந்த அம்மா கேட்டார்: "எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு, சங்கக் காணிக்கை பாக்கியைக் கட்டினாத்தான் கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட விடுவோம்னாங்க. கம்மலை அடகு வச்சுக் கட்டினேன். அந்தப் பொம்பளை காசு போட்டதைப் பார்த்து ஆண்டவர் சந்தோஷப்பட்டாரா, வாங்கினவங்களைப் பார்த்துக் கோபப்பட்டாரா?"

ஐயா, என் வாழ்நாளில் எந்தப் பிரசங்கமும் அந்தப் பகுதியை எனக்கு இப்படித் திறந்து காட்டியதில்லை. ஆசிரியர் பதில் சொல்லவில்லை. எல்லோரும் யோசித்து வாருங்கள், அடுத்த வாரம் பேசுவோம் என்று ஜெபித்து முடித்தார்.

அடுத்த வாரம் அறையில் புதுப் பூட்டு தொங்கியது. அங்கீகாரம் இல்லாதவர்கள் போதிப்பதால் சபையில் பிரிவினை உண்டாகிறது என்று காரணம் சொன்னார்கள். அடக்கத்தன்று பணம் கேட்டது உண்மையா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வீடு சந்திப்புக்கு அந்த அம்மாவின் தெரு வழியாகப் போகிற குருவானவர், அவர் வீட்டுக்கு மட்டும் போவதில்லை. அறையில் இப்போது வாடகைப் பந்தலின் நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன.

அங்கீகாரம் என்கிறீர்கள். பாளையங்கோட்டையில் ஆலயம் கட்டிய குளோரிந்தா யார்? 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை. 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேராக இருந்த அந்தச் சபை அவரைச் சுற்றி வளர்ந்தது. அவர் கையில் எந்த அங்கீகாரம் இருந்தது? சீகன்பால்க் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்தாரே, குருமார் மட்டும் வாசிக்கவா? பனங்காட்டு ஊர்களில் ஓலைக் கூரைக்குக் கீழே உபதேசியார்கள் சொல்லிக்கொடுத்துத்தான் நம் தாத்தாக்கள் வேதத்தை அறிந்தார்கள். அந்த உழைப்பின் மேல்தான் உங்கள் ஆசனம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி உண்டு, பரீட்சை உண்டு, பரிசு உண்டு. திடப்படுத்தல் முடிந்ததும் பாடமும் முடிந்துவிடுகிறது. பிறகு சாகும்வரை காது கொடுத்துக் கேட்பது மட்டுமே ஒரு விசுவாசியின் வேலையா? கேள்வியோடு இருக்கிறவன் செல்போனில் பிரசங்கியாரைத் தேடுகிறான். காணிக்கை அனுப்பு, கடன் தீரும் என்று அங்கே சொல்கிறார்கள். ஜனங்கள் கள்ளப் போதனைக்குப் போகிறார்களே என்று கன்வென்ஷன் மேடையில் கண் கலங்கினீர்கள். அவர்கள் உட்கார்ந்து வேதம் படித்த அறையைப் பூட்டியது உங்கள் சேகரம். பூட்டியவர்களைக் கேட்காமல் இருப்பது நீங்கள்.

வசனத்தைக் கேட்டுப் பயந்தவர்கள் பூட்டிய பூட்டு அது. நீங்களும் பயப்படுகிறீர்களா?

அந்த அம்மாவின் வீட்டுக்கு நீங்களே வர வேண்டும், குருவானவரை அனுப்பக் கூடாது. கம்மலை மீட்கிற பணம் சேகரக் கணக்கிலிருந்து போக வேண்டும். பிணத்தை முன்னால் வைத்துக்கொண்டு பாக்கி கேட்கிற வழக்கம் உங்கள் ஆளுகைக்குட்பட்ட எந்தச் சபையிலும் இனி இருக்கக் கூடாது.

அறையைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் வரும் புதன்கிழமை வகுப்பு உண்டு. கொத்தனார் வீட்டு முற்றத்தில் கூடுகிறோம். மாற்கு பதின்மூன்றாம் அதிகாரம்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பின் உறுப்பினன்