"நாளைக்கு வா!"

தையல்காரர் இரவு பகலாகத் தைத்துக் கொடுக்கிறார். கலியாணம் நன்றாக நடக்கிறது. கூலி கேட்டால், "நாளைக்கு வா" என்கிறார்கள். நாளைக்குப் போனால், "ஐயா வீட்டில் இல்லை!"

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி; ஆறு கடந்தால் நீ யாரோ, நான் யாரோ! தாமிரபரணிக் கரையில் இந்தப் பழமொழியை யாருக்கும் விளக்க வேண்டியது இல்லை.

பத்தமடையில் பாய் நெய்பவர், காருகுறிச்சியில் பானை வனைபவர், வீரவநல்லூரில் தறி ஓட்டுபவர், எல்லோரும் கைமுதலைப் போட்டே பொருளைச் செய்கிறார்கள். பணம் வராவிட்டால் அடுத்த வேலைக்குக் கோரை வாங்க முடியாது. நூல் வாங்க முடியாது. பாக்கி வைத்தவர் நிம்மதியாகத் தூங்குகிறார். உழைத்தவர் வட்டி கட்டுகிறார். இது என்ன நியாயம்?

சட்டம் உழைத்தவர் பக்கம் இருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை.

பொருள் கையில் இருக்கட்டும்

துணியை வாங்கித் தைப்பவரும், பொன்னை வாங்கி நகை செய்பவரும், பேசிய வேலையை முடித்துவிட்டால், கூலி வரும் வரை பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் தரும் உரிமை இது. ஆனால், "கூலியைப் பிறகு கொடுங்கள்" என்று முன்பே தவணை சொல்லியிருந்தால் இந்த உரிமை கிடையாது.

3 ஆண்டு கெடு

பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. "நாளைக்கு வா" என்பதை நம்பியே கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. கெடு முடியுமுன், "இவ்வளவு பாக்கி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், அன்று முதல் புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். வாய்ப்பேச்சு போதாது.

45 நாள்

பதிவு செய்த சிறு தொழிலாளரிடம் சரக்கு வாங்கும் கடைக்காரரும் கம்பெனியும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு கூட்டு வட்டி! பதிவு இலவசம். மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம்.

கோர்ட்டுச் செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசத்துக்கு அப்பீலும் இல்லை. பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருகிறது.

இவ்வளவும் வேண்டாம் என்றால் வழி எளிது. வேலை பேசும்போதே கூலியையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். பாதிப் பணத்தை அட்வான்சாக வாங்குங்கள்.

வேலை வாங்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல்: கலியாணக் கணக்கில் பந்தலுக்கும் மேளத்துக்கும் முன்னால் தையற்கூலியை எழுதுங்கள். அந்தக் கூலியை நம்பி இன்னொரு வீட்டில் உலை காத்திருக்கிறது.