இந்த வெயிலுக்கு என்ன குடிக்கலாம்?



"ஐயா, வெயிலுக்கு பீர் குளிர்ச்சி என்று என் வீட்டுக்காரர் தினமும் சொல்கிறார். உண்மைதானா? பத்திரிகையில் போட்டால் நம்புவார்." திருக்கோவிலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி இப்படி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று அடிக்கோடும் போட்டிருக்கிறார்.

போட்டுவிடுகிறேன் அம்மா. உண்மை இல்லை.

பாட்டில் ஜில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போன ஆல்கஹால் சிறுநீரை அதிகமாக்கி உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றும். நாளெல்லாம் கரும்புக் கட்டு தூக்கி, சென்ட்ரிங் அடித்து, வேர்த்து விறுவிறுத்து வருகிறவருக்கு உடம்பில் ஏற்கெனவே தண்ணீர் கம்மி. அதோடு பீரும் சேர்ந்தால் மறுநாள் காலையில் தலைவலியும் நாவறட்சியும் வராமல் என்ன செய்யும்?

குடிப்பவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சட்டை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிற நாம், உள்ளே ஊற்றிக்கொள்வதை மட்டும் ஏன் பார்ப்பதே இல்லை? கவுன்ட்டரில் கையை நீட்டுகிறோம், இருப்பதைக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறோம்.

ஒரு தடவை லேபிளைப் படித்துப் பாருங்கள். பிராந்தி, ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதாவது 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் மட்டுமே 77 மில்லி. ஐந்து சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் இருப்பது சுமார் 32 மில்லி. ஒரு குவார்ட்டரை முடித்தவர் இரண்டு பாட்டில் பீருக்கும் மேலே குடித்துவிட்டார் என்று அர்த்தம். அதையும் தண்ணீர் கலக்காமல், வெறும் வயிற்றில், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, கடை வாசலில் நின்றபடி இரண்டே மடக்கில்! 'பீர்தானே' என்பவர்களும் கேளுங்கள். ஸ்ட்ராங் என்று எழுதிய எட்டு சதவீத பாட்டிலில் 52 மில்லி இருக்கிறது.

இன்னொன்று. பிராந்தி என்றால் திராட்சை, விஸ்கி என்றால் தானியம் என்று நினைப்போம். நம் ஊரில் விற்கிற மலிவு ரகங்களில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலையின் கரும்புப் பாகுக் கழிவிலிருந்து எடுத்த ஸ்பிரிட்தான். நிறமும் வாசனையும் பிறகு சேர்ப்பது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டு முடிந்து லாரி லாரியாகக் கரும்பு அனுப்பும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

ஒயின் குடித்தால் ரத்தம் ஊறும் என்பதும், சளி பிடித்த குழந்தைக்கு இரண்டு சொட்டு பிராந்தி தரலாம் என்பதும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சின்னக் குழந்தைக்கு ஆல்கஹால் போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி ஆபத்தாகிவிடும். பெரியவர்களுக்கும் இந்த அளவு வரை பாதுகாப்பு என்று ஓர் எல்லை கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

குடிக்கிற விஷயத்தை நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு எழுதும்போது கருணாபுரத்தைத் தாண்டிப் போக முடியாது. 2024 ஜூன். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே பாக்கெட்டில் விற்ற சாராயம். அதில் மெத்தனால். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடியும் 60-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். பெண்களும் இருந்தார்கள். அப்பா, அம்மா இருவரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசு நிவாரணம் கொடுத்தது, சட்டத்தைக் கடுமையாக்கியது, விசாரணை சி.பி.ஐ. வரை போனது. இறந்துபோனவர்கள் பாக்கெட்டை விரும்பித் தேர்ந்தெடுத்தார்களா? குவார்ட்டருக்குக் கையில் காசு பத்தவில்லை. பாக்கெட் தெருமுனையிலேயே கிடைத்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

மெத்தனாலை வாசனையை வைத்தோ ருசியை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. போதையும் சாதாரணமாகத்தான் இருக்கும். பல மணி நேரம் கழித்து, கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரும். கண்ணை மறைக்கிறது, வெள்ளையாகத் தெரிகிறது என்பார்கள். 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். போலீஸுக்குப் பயந்தும் ஒளிக்காதீர்கள். உடனே 108. என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு போனால் உயிரும் பார்வையும் தப்பும்.

கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு பேரலில் ஊற வைக்கிறவர்கள் சில பேர். சாமையும் தேனும் கடுக்காயும் கொண்டுவந்து விற்கிற மலை ஜனம் மொத்தத்துக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறோம்.

சரி, வாசகிக்குத் திரும்புகிறேன். பீர் வேண்டாம் என்றால் வேறு என்ன?

நம் பக்கத்துக்கு மாசி, பங்குனி, சித்திரை பதநீர்க் காலம். விடியற்காலையில் இறக்கி, சைக்கிளிலோ டூவீலரிலோ கேனைக் கட்டிக்கொண்டு சாலையோரப் புளியமரத்தடியில் நிற்பார்கள். பனை ஓலையை மடித்துப் பட்டை கட்டி, அதில் நுங்கைக் கீறிப் போட்டு, மேலே பதநீரை ஊற்றிக் கொடுப்பார்கள். ஓலை வாசம், நுங்கின் வழவழப்பு, பதநீரின் இனிப்பு, கடைசியில் அடிநாக்கில் லேசாகச் சுண்ணாம்பு. அதைக் குடித்தவனுக்கு எந்த பிராண்டும் எடுபடாது என்பது என் கட்சி.

இதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது, சாறு புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கத்தான். அளவாக இருந்தால் தெளிவாக இருக்கும். சுண்ணாம்பு தூக்கலாக இருந்தால் நாக்கு பொத்துவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்குள் குடித்துவிடுவது நல்லது. மதியம் மூன்று மணிக்கும் கேன் நிறைய வைத்துக்கொண்டு ஒருவர் நின்றால், அதில் பாதி தண்ணீரும் சாக்கரினுமாக இருக்கலாம். குடித்து முடித்த பிறகும் தித்திப்பு தொண்டையிலேயே நின்றால் அது பனை கொடுத்தது இல்லை. நுங்கை அழுத்தினால் அமுங்க வேண்டும். கெட்டியாக இருந்தால் முற்றல், வயிறு வலிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பதநீரை ஆசைக்கு ஒரு வாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு மோர் இருக்கிறது, கம்பங்கூழ் இருக்கிறது, சின்ன வெங்காயம் இருக்கிறது.

அப்படியானால் கள்? இந்தக் கேள்வியும் வரும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பக்கத்தில் புதுச்சேரியில் தடை இல்லை. 42.8 சதவீதத்தை அரசே விற்கலாம், அதைவிட வீரியம் பல மடங்கு குறைந்த பனங்கள்ளை ஏழை இறக்கக் கூடாது என்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஆனாலும் கள்ளைத் திறந்துவிட்டால் வீட்டுச் சண்டை குறைந்துவிடும் என்கிறார்களே, அதை நான் நம்பவில்லை. குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தைக் கள்ளில் கலந்து விற்ற பழைய கதைகளை நம் பெரியவர்களைக் கேளுங்கள்.

நம் ஊர்ப் பழங்கதையில் குடியைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் புறநானூற்றில் எதற்காகப் புகழ்கிறார் தெரியுமா? காலையிலேயே குடித்துவிட்டு அந்தக் குஷியில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் சுலபம். காரி போதையில்லாமல் கொடுத்த தேர்களோ முள்ளூர் மலையில் பெய்த மழைத்துளியைவிட அதிகம் என்கிறார். தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டாஸ்மாக் பார் ஞாபகம் வந்துவிடும், என்ன செய்ய! அங்கே நண்பர்கள் நாலு பேருக்கும் பில்லைக் கட்டுகிற வள்ளல், மறுநாள் காலையில் பிள்ளையின் ஸ்கூல் வேன் காசுக்கு மனைவியிடம் முறைத்துக்கொண்டு நிற்கிறார். தெளிவாக இருக்கும்போது வீட்டுக்கு என்ன கொடுத்தோம்? கணக்கு அதில்தான் இருக்கிறது.

நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷக்கணக்காக தினமும் குடித்தவர்கள் ஒரே நாளில் வீட்டில் பூட்டிக்கொண்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம்கூட வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை கொடுத்து, படிப்படியாக இறக்குவார்கள். 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். மனைவிமார்களும் அந்த எண்ணில் பேசலாம்.

மறுபடியும் பனைக்கு வருகிறேன். அது நம் மாநில மரம். கலெக்டர் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. மரம் நின்றால் போதுமா, ஏற ஆள் வேண்டாமா? ஏறுகிறவர் பிள்ளை ஏறுவதில்லை. விற்காத பதநீரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சுகிற கஷ்டம் அவர் மனைவிக்கு.

அதனால் வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, ரிஷிவந்தியம், சங்கராபுரம் என்று உங்கள் ஊர்ப் பக்கத்தில் நல்ல பதநீர் எந்த இடத்தில், காலை எத்தனை மணிக்குக் கிடைக்கிறது என்று ஒரு போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புங்கள். வருகிற தகவலையெல்லாம் அடுத்த இதழில் ஊர்வாரியாகப் போட்டுவிடுகிறோம். சீசன் முடிவதற்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்