மலையாளிப் பழங்குடியினரின் பேச்சும் பதிவாக வேண்டும்

அயோத்தியாப்பட்டணத்தில் பிரிந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலை, மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்கு நம்மைக் கொண்டு சேர்க்கிறது. கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைகளில் வாழும் இவர்கள், 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடி. மூன்றரை லட்சம் பேருக்கும் மேல்.

2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் உள்ளிட்டோரின் மொழி வளத்தையும் ஒலி வடிவங்களையும் பாதுகாக்க அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அதில் மலையாளிகளின் பெயர் இல்லை. ‘தமிழ்தானே பேசுகிறார்கள்’ என்ற எண்ணம் இங்கே எப்போதும் உண்டு. கணக்கெடுப்பிலும் அவர்கள் தாய்மொழி தமிழ் என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த மலைத் தமிழுக்கென்று உள்ள சொல்வளம் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

கொல்லிமலையைப் பாருங்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமை என்று ஒரே தானியத்துக்கு அங்கே இத்தனை வகை. எது சீக்கிரம் விளையும், எதை எந்த நிலத்தில் விதைக்கலாம் என்ற அறிவு பேச்சோடு பேச்சாகப் பிள்ளைகளுக்கு வந்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி மலையேறியதும் சாமைக் காடுகள் சுருங்கின. விதையையாவது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊராரோடு சேர்ந்து விதை வங்கிகளில் காத்தது. அந்த விதையைப் பற்றிய பேச்சை யார் காப்பது?

பிள்ளைகள் சமவெளித் தமிழ் பேசினால்தான் வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. பாடநூல் தமிழை யாரும் விலக்கச் சொல்லவில்லை. வீட்டுப் பேச்சைப் பிழையென்று வகுப்பில் திருத்தாதீர்கள் என்பதே நம் கோரிக்கை. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியில் அரெர்ன்டெ மொழி பேசும் பழங்குடியினர் இந்தச் சிக்கலை இன்னும் கடுமையாகச் சந்தித்தவர்கள். 2008இல் அந்தப் பகுதி அடங்கிய வட ஆட்சிப்பகுதி அரசு, பள்ளியில் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலமே என்று உத்தரவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1994இல், அவர்கள் மொழிக்கு விரிவான அகராதி வந்துவிட்டது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் அரெர்ன்டெப் பெண்மணி வெரோனிகா டாப்சன். மொழிக்கு உரியவரே தொகுப்பாசிரியராக அமர்ந்தார் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. உதகையில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. மலையாளிச் சமூகத்தில் பட்டம் பெற்ற இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கே உதவித்தொகை தந்து, ஒலிப்பதிவுக் கருவி தந்து, தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அனுப்ப வேண்டும். தொகுத்தது உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குத் துணைநூலாகப் போகட்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் மலையாளிகளின் பெயரும் அதற்கான தொகையும் இடம்பெற வேண்டும். இதை வலியுறுத்துவது சேலம், நாமக்கல் சட்டமன்ற உறுப்பினர்களின் பொறுப்பு.