குழந்தையின் சொல்லைத் திருத்தற்க!

பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளையொன்று ‘கொல்லை’ என்று சொன்னால், அது பருத்தியோ சோளமோ விளையும் வானம்பார்த்த நிலம். தஞ்சைப் பகுதியினின்று மாற்றலாகி வந்த எழுத்தர்க்கோ அது வீட்டின் பின்புறம். அவர் தாம் அறிந்தவாறே எழுதிவிடுகின்றார் என்று கொள்வோம். குற்றம் நிகழ்ந்த இடமே தாளில் மாறிவிடும். முன்பு ஒன்று, இப்போது ஒன்று சொல்கின்றாளே என்று எதிர்வழக்குரைஞர் எழுந்து நிற்பார். கொடுமைக்காளான குழந்தை பொய் சொன்னவளாகி வீடு திரும்புவாள்.

இவ்விடர் நேராதிருக்கவே, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த, பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் சட்டம் வழிசெய்துள்ளது. குழந்தை சொன்னதைச் சொன்னபடியே, பெற்றோரோ அது நம்பும் வேறொருவரோ உடனிருக்கப் பதிதல் வேண்டும் என்கின்றது அதன் 26ஆம் பிரிவு. குழந்தையே முறையிட்டால், அதற்கு விளங்கும் எளிய மொழியில் எழுதல் வேண்டும் என்கின்றது 19ஆம் பிரிவு. காவலர் சீருடையில் வருதல் கூடாது. இரவில் குழந்தையைக் காவல்நிலையத்தில் வைத்தலும் ஆகாது. மன்றத்தில் எதிர்வழக்குரைஞர் நேரே வினவாமல் நடுவர் வழியாகவே வினவல் வேண்டும். இத்தகைய காப்பினை ஒரு மகளிர் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்சநயன்மன்றம் 2004ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியிருந்தது.

இத்துணை நல்ல சட்டத்தை நம் மக்கள் ‘போக்சோ’ என்றே அறிவர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி ஒலிக்கும் ஒலி அது. ‘போக்சோவில் கைது’ என்று நாளிதழில் படிக்கும் தாய், அஃதேதோ ஒரு சிறைச்சாலையின் பெயர் என எண்ணினும் வியப்பில்லை. தனக்கொரு காப்பு உண்டென்பதையே அறியாத குழந்தை எவரிடம் போய் வாய் திறக்கும்?

வாய் திறந்தாலும் கேட்கும் செவி வேண்டுமே! அரியலூர் மாவட்டத்தில் 2016 திசம்பரில் காணாமற்போன, பதினெட்டு அகவை நிரம்பாத ஒடுக்கப்பட்ட குடும்பத்துச் சிறுமி, 2017 சனவரியில் கிணற்றில் பிணமாகக் கிடைத்தாள். முறையிட்டும் காவல்துறை காலந்தாழ்த்திற்று என்று குடும்பத்தார் கதறினர். அவள் பெயர் இங்கு வேண்டா. பெற்றவளின் குரலுக்கே இந்நிலையாயின், சிறுமியின் குரலுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? தமிழினம் ஒன்றென்று மேடையில் முழங்குவோர், சாதி பார்த்துச் செவி சாய்க்கும் இவ்விழிவை முதலில் தம் ஊரில் ஒழித்தல் வேண்டும்.

மாவட்ட வழக்குமன்றங்களின் மொழி தமிழே. வழக்கு மேன்முறையீட்டிற்குச் சென்னைக்குப் போனதும் குழந்தையின் உரை ஆங்கிலமாகின்றது. அங்கே ‘கொல்லை’ என்னவாகும் என்பது மொழிபெயர்ப்பாளர் பிறந்த ஊரைப் பொறுத்தது! உயர்நயன்மன்றத்தில் தமிழ் வேண்டும் எனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டில் தீர்மானம் இயற்றிற்று. தில்லி இசையவில்லை. அத்தீர்மானம் வழக்குரைஞர்களின் வசதிக்கானது என்று எண்ணுவோர், வழக்குக்கட்டில் உறங்கும் இந்தக் குழந்தைகளின் உரையை நினைத்துப் பார்க்கட்டும்.

இனித் தனித்தமிழன்பர்க்கும் ஒரு சொல். குழந்தை ‘பயமா இருந்துச்சு’ என்கின்றது. நம் கை உடனே ‘அச்சமாக இருந்தது’ என்று திருத்தத் துடிக்கும். கூடாது! பிற இடங்களிலெல்லாம் அத்திருத்தம் நம் கடமை. இவ்வோரிடத்தில் அது குற்றம். ‘பயம்’ அங்கே அப்படியே நிற்கட்டும். கொச்சையும் நிற்கட்டும்; திக்கலும், பாதியில் விட்ட சொல்லும் நிற்கட்டும். காவல்நிலையங்களில் எழுதப்படும் ‘மேற்படி நபர் என்னை வழிமறித்து’ என்னும் நடையில் எட்டு அகவைக் குழந்தை எந்த ஊரிலும் பேசுவதில்லை. அந்நடையும் குழந்தைக்கு அயல்மொழியே.

குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவர்க்கு ஆறு திங்கள் வரை சிறை உண்டு. நிறுவனத் தலைவராயின் ஓராண்டு வரை. ஊர்க்கூட்டத்தில் ‘பேசி முடித்து’ மூடிமறைக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் வட்டங்களிலுள்ள தோழர்கள் 19, 26ஆம் பிரிவுகளை அவ்வூர்ப் பேச்சுத்தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு, 1098 என்னும் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, பள்ளி வாயில்களில் கொடுக்கலாம். அச்சுக்குக் கொடுக்குமுன் அதனை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் படிக்கச் சொல்லி, விளங்காத சொற்களை அடித்துவிடுக.