எண் சொல்வது பழுதை அல்ல

பாரிஸ் 18ஆம் வட்டாரத்தின் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும், அங்கிருந்து தெற்கே தமிழர் லாச்சப்பல் என்று வழங்கும் கடைத்தெருக்களிலும், பழைய டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்போரிடையே ஒரு நம்பிக்கை கேள்விக்கு இடமின்றி நிலைத்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் உதறி, முன்பலகையில் செம்மஞ்சள் விளக்கும் எரியத் தொடங்கினால், கராஜில் ஸ்கானரைச் செருக வேண்டும், அது காட்டும் குறியீட்டெண்ணோடு எந்தப் பாகத்தின் பெயர் சேர்ந்து வருகிறதோ அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், அத்துடன் குறை தீர்ந்தது என்பதே அந்நம்பிக்கை. "கொம்பியூட்டர் போட்டுப் பாத்தாச்சு, லாம்டா போயிட்டுது" என்ற ஒரு வாக்கியத்தோடு நூற்றுக்கணக்கான யூரோ கைமாறுகிறது. சில கிழமைகளில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. அடுத்த முறை டர்போவே போய்விட்டதாகத் தீர்ப்பு வருகிறது. இது வெறும் அறியாமை என்று கடந்துபோகத் தக்கதன்று. உணவகச் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் ஈட்டிய ஊதியத்தை நல்ல பாகங்களைக் கழற்றி எறிவதற்குச் செலவழிக்க வைக்கும் தீங்கு இது.

இந்நம்பிக்கை வளர்ந்ததற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. ஐரோப்பாவில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்கள் அனைத்திலும், உமிழ்வைக் கெடுக்கும் பழுதுகளைத் தானே பதிவுசெய்யும் கண்காணிப்பு முறை 2001 முதல் கட்டாயமானது; அதைப் படிக்கும் கருவி இன்று கைப்பேசியை விடவும் மலிவு. மறுபுறம், வாகனங்களை அவற்றின் உமிழ்வுத் தரத்தின்படி பிரிக்கும் க்ரிட்'ஏர் ஒட்டுவில்லை 2016இல் வந்தபோது, 2011 முதல் பதிவான பெட்ரோல் கார் முதலாம் வகுப்பிலும், 2006க்கும் 2010க்கும் இடைப்பட்ட டீசல் கார் மூன்றாம் வகுப்பிலும் வைக்கப்பட்டன. பாரிஸ் பெருநகரின் குறைந்த உமிழ்வு வலயத்தில், வேலைநாட்களின் பகல் வேளையில் மூன்றாம் வகுப்பு வாகனங்கள் ஓடுவதற்கு 2025 சனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. பழைய டீசலைக் கைவிட்டவர்கள் சிறிய டர்போ பெட்ரோல் கார்களைப் பிறர் பயன்படுத்திய நிலையில் வாங்கினார்கள். டீசலில் பழகிய அறிவையும் உடன் கொண்டுவந்தார்கள். ஆனால் டீசல் எஞ்சின் பொதுவாகக் காற்றை நெரித்து இழுப்பதில்லை, ஆகவே காற்றுக் கசிவால் வரும் உதறல் அங்கே பெரும்பாலும் எழுவதே இல்லை. பெட்ரோல் எஞ்சினின் இயல்பு வேறு.

பெட்ரோல் எஞ்சின் மிதியை அழுத்தாத நிலையில் தானாகச் சுழலும்போது, அதாவது கராஜ்களில் ஐட்லிங் என்றும் பிரெஞ்சுக்காரர் ரலாந்தி என்றும் சொல்லும் நிலையில், காற்று வரும் வழியைத் திராட்டில் வால்வு ஏறக்குறைய முழுதாக அடைத்திருக்கும். சிலிண்டர்கள் தொடர்ந்து இழுப்பதால், திராட்டிலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள மானிஃபோல்ட் என்ற குழாய்த்தொகுதியில் அழுத்தம் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 பார் வரை தாழ்ந்துவிடும். வெளியே வளிமண்டலம் 1 பார் அழுத்தத்தில் நிற்கிறது. அக்குழாய்த்தொகுதியிலோ அதனோடு இணைந்த ரப்பர் குழாய்களிலோ நூலளவு வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். அந்தக் காற்று, டெபிமெத்ர் என்று பாரிஸ் கராஜ்களில் வழங்கும் காற்றளவியைக் கடந்து வராததால் கணினியின் கணக்கில் சேருவதில்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் குலைந்து, கலவை மெலிந்து, சில சுழற்சிகளில் தீப்பற்றாமல் எஞ்சின் உதறுகிறது. காற்றளவி இல்லாமல் மானிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளந்து கணக்கிடும் கார்களில் இதே வெடிப்பு வேறு முகம் காட்டும்: அழுத்தம் உயர்ந்ததைக் கண்ட கணினி அதற்கேற்ற பெட்ரோலையும் சேர்த்துவிடுவதால் மெலிவுக் குறியீடே எழாமல், சுழற்சி வேகம் மட்டும் ஏறி இறங்கும். குறியீட்டை மட்டும் நம்புவோருக்கு அந்தக் காரில் பழுதே இல்லை.

மெலிவைக் குறிக்கும் பி0171 என்ற குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். புகைபோக்கி வழியில் எஞ்சிய ஆக்சிஜனை உணரும் லாம்டா சென்சர் "மெலிவு" என்று தொடர்ந்து தெரிவிக்க, கணினி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி, பல கார்களில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை சென்றபின், இனித் தன்னால் சரிசெய்ய இயலாது என்று பதிந்துவைக்கும் குறிப்பே அது. காய்ச்சல்மானி சூட்டைக் காட்டுவதற்கு மேல் எதையும் சொல்லாதது போல, இக்குறியீடும் மெலிவை மட்டுமே சொல்கிறது. அதன் காரணம் மானிஃபோல்டின் காற்றுக் கசிவாக இருக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். காற்றளவியில் அழுக்குப் படிந்து அது குறைத்துக் காட்டலாம். டர்போ கார்களில் கடும் வெப்பத்தால் அடிக்கடி வெடிக்கும் புகைபோக்கி மானிஃபோல்டின் கீறல் வழியே வெளிக்காற்று புகுந்து, கலவை சரியாக இருக்கும்போதே சென்சரை ஏமாற்றலாம். பிரான்சில் காணப்படும் வேறொரு காரணமும் உண்டு. விலை குறைவு என்பதற்காக, உரிய மாற்றுப்பெட்டி பொருத்தாத காரில் ஈ85 என்ற எத்தனால் எரிபொருளை நிரப்பினால், அதற்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலுத்தவேண்டியிருப்பதால், ஒரு குழாயும் வெடிக்காமலேயே அதே எண் எழும். இவற்றில் எதிலும் லாம்டா சென்சர் குற்றவாளி அல்ல; தான் கண்டதை உண்மையாக அறிவித்த சாட்சியையே கழற்றி எறிவதுதான் இன்று நடைமுறையாக இருக்கிறது.

வேடிக்கை என்னவெனில், குற்றவாளியைப் பிரித்தறியும் அளவையும் அதே ஸ்கானர் தனக்குள் வைத்திருக்கிறது, கேட்பார்தான் இல்லை. பெட்ரோலைக் கணினி எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ வருகிறது என்பதைக் காட்டும் எரிபொருள் திருத்தம் என்ற அளவை, எஞ்சின் சூடான பின் ஐட்லிங்கில் ஒருமுறையும் 2500 சுழற்சியில் ஒருமுறையும் படித்தால் போதும். ஐட்லிங்கில் ஓர் எஞ்சின் நொடிக்கு 3 கிராம் காற்றை அளந்து இழுக்கிறது என்றும், வெடிப்பு வழியே அரை கிராம் களவாகப் புகுகிறது என்றும் கொண்டால், திருத்தம் ஏறத்தாழ 17 விழுக்காடு ஆகும். 2500 சுழற்சியில் அதே எஞ்சின் 12 கிராம் இழுக்கும்போது அந்த அரை கிராம் வெறும் 4 விழுக்காடுதான். ஆகவே ஐட்லிங்கில் உயர்ந்து, வேகம் கூடும்போது இயல்புக்குத் திரும்பும் திருத்தம் காற்றுக் கசிவைச் சுட்டுகிறது; வேகமும் சுமையும் கூடக் கூடத் திருத்தமும் ஏறினால் பம்ப்பையோ காற்றளவியையோ சந்தேகிக்க வேண்டும்; எல்லா நிலையிலும் ஒரே சீராக உயர்ந்து நின்றால் எரிபொருளையே முதலில் விசாரிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு பாகத்தை விற்பது தொழில் ஆகாது.

"டர்போ போயிட்டுது" என்ற தீர்ப்பு இன்னும் கொடியது. புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் அதை விமான எஞ்சினில் பொருத்திக் காட்டிய பிரெஞ்சுப் பொறியாளர் ஓகுஸ்த் ரத்தோவின் தொழிற்சாலை, இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த லா கூர்நெவ்விலேயே இருந்தது. அக்காலம் முதல் மாறாத அடிப்படை ஒன்று உண்டு: ஐட்லிங்கில் புகையோட்டம் மிகக் குறைவாதலால் டர்போ அழுத்தம் எதையும் உண்டாக்குவதில்லை. நிற்கும் கார் உதறுவதற்கு, அப்போது ஏறக்குறைய வேலையே செய்யாத ஒரு பாகத்தின் மீது முதல் பழி போடுவது எப்படிப் பொருந்தும்? டர்போ இருப்பதால் உண்மையில் சிக்கலாவது கசிவின் இயல்புதான். மானிஃபோல்டில் உள்ள ஒரே வெடிப்பு, ஐட்லிங்கில் காற்றை உள்ளிழுத்துக் கலவையை மெலிய வைக்கும். மிதியை அழுத்தி அழுத்தம் ஏறியதும், ஏற்கெனவே அளந்த காற்றை வெளியே தள்ளி, இழுவையைக் குறைத்துக் கலவையைத் தடிப்பாக்கும். எதிரெதிரான இரு நோய்க்குறிகளைக் கண்டவர்கள் இரண்டு பழுதென்று எண்ணி இரண்டு பாகங்களை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியதோ ஒரு ரப்பர் குழாய்.

அதிகம் மறக்கப்படுவது பி.சி.வி. வால்வு. பிஸ்டனைக் கடந்து எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் எரிப்பதற்காக மானிஃபோல்டுக்கு அனுப்பும் இந்த வால்வில், டர்போ எஞ்சினில் அழுத்தம் திரும்பிப் பாயாதபடி ஒருவழித் தடுப்பும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஆவியிலும் வெப்பத்திலும் கிடந்து அதன் ரப்பர்த் திரை கிழிந்தால், ஐட்லிங்கில் வெளிக்காற்று அந்த வழியே நுழையும், பலவேளை மெல்லிய விசில் ஒலியும் கேட்கும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்க முயன்றால், கையால் எளிதில் தூக்க இயலாதபடி அது உள்நோக்கி இழுபட்டு நிற்கும். மூடி கழன்றதும் விசில் நின்றுபோகும். பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது எஞ்சின் சுழற்சி மாறினால் பிரேக் பூஸ்டரையும் அதன் குழாயையும், பெட்ரோல் நிரப்பிய உடனே உதறல் மிகுந்தால் தாங்கியின் ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வையும், குளிரில் கிளப்பும்போது மட்டும் உதறிச் சூடானதும் அடங்கினால் மானிஃபோல்டின் அடைப்புத்தகட்டையும் பார்க்க வேண்டும். இவற்றை உறுதிசெய்யும் முறை புகைச் சோதனை: எஞ்சினை நிறுத்தி, 0.1 பாருக்கும் குறைந்த அழுத்தத்தில் உள்ளே புகையைச் செலுத்தினால், வெடிப்பு இருக்கும் இடத்தில் வெண்ணிழை ஒன்று மேலெழும். அழுத்தத்தில் மட்டும் விரியும் கீறல்களுக்கு, கூடுதல் காற்றழுத்தமும் சவர்க்காரத் தண்ணீரும் வேண்டும். ஓடும் எஞ்சின் மீது பிரேக் கிளீனரைப் பீச்சிக் கசிவு தேடும் பழக்கத்தையோ கைவிடச் சொல்வதே முறை. கடுஞ்சூட்டில் இருக்கும் டர்போவின் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

உதறல் எல்லாம் கசிவே என்பதும் இங்கு வாதமன்று. பி.எம்.டபிள்யூவும் பேஜோவும் இணைந்து உருவாக்கிப் பேஜோ 207, 308, மினி கூப்பர் எஸ் போன்றவற்றில் பொருத்திய 1.6 டர்போ எஞ்சினில், நேரச் சங்கிலி நீள்வதும், பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுவதால் கழுவப்படாத உள்வால்வுகளில் கரி படிவதும் நன்கறியப்பட்ட குறைகள். அங்கே பி0300 என்ற தீப்பற்றாமைக் குறியீட்டைக் கண்டதும் பூஜி எனப்படும் தீப்பொறிச் செருகியையும் பொபின் எனப்படும் மின்சுருளையும் மாற்றுவது, கரியையும் சங்கிலியையும் அப்படியே விட்டுவைப்பதாகும்.

கராஜ்காரர் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: பாகத்துக்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், தேடும் நேரத்துக்குப் பணம் கொடுக்க மறுக்கிறார் என்பது அது. அது உண்மை, ஆகவே பழியில் பாதி காரின் சொந்தக்காரருக்கும் உரியது. ஒரு மணி நேரக் கூலியைச் சேமிப்பதாக எண்ணி ஆயிரம் யூரோவைத் தாண்டும் டர்போவுக்குத் தலையசைப்பது சிக்கனமாகாது. கொன்ட்ரோல் டெக்னிக் என்ற கட்டாயப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்ற ஆறுதலும் செல்லாது. அங்கே, கலவையின் சமநிலையைக் குறிக்கும் லாம்டா மதிப்பு 1க்கு மேலும் கீழும் 0.03க்குள் இருக்கிறதா என்று பார்ப்பது எஞ்சின் விரைந்து சுழலும்போதுதான், அப்போது சிறு கசிவின் பங்கு கரைந்துபோயிருக்கும்.

ஆகவே பழைய டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், எந்தப் பாகத்துக்கும் ஒப்புதல் கொடுக்குமுன், ஐட்லிங்கிலும் 2500 சுழற்சியிலும் எரிபொருள் திருத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கசிவென்றால் புகை எழுந்த இடத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தேடலுக்கான கூலியை முணுமுணுக்காமல் கொடுங்கள். இவற்றைச் செய்ய மறுக்கும் கராஜிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.